ஈற்றடியிலிருந்து தொடங்குங்கள்: முதல் வெண்பா

கவிதை எழுதக் கற்றுக்கொள்ள வந்தவரிடம் முதலில் வெண்பா எழுதச் சொன்னால் பலர் மிரள்கிறார்கள். நேர், நிரை, தளை, தொடை என்ற சொற்கள் பள்ளித் தேர்வோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டு மதிப்பெண்ணுக்கு அலகிட்டு வாய்பாடு எழுதினோம், அதன்பின் மறந்தோம். எழுதுவதற்கான கருவியைத் திருத்துவதற்கான கருவியாக மட்டும் கற்றுக்கொடுத்ததால் வந்த வினை இது. அலகிடத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக ஓர் அடிகூட எழுதிப் பார்த்ததில்லை.

புதுக்கவிதை எழுத விரும்புகிறவர்களும் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட வேண்டாம். வசன கவிதைக்கு வழி திறந்த பாரதியே, புதுச்சேரி மணக்குள விநாயகர்மேல் பாடிய விநாயகர் நான்மணிமாலையில் வெண்பாக்களையும் வைத்திருக்கிறார். பதினைந்து சீர்களுக்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பழகியவர் கையில், கட்டில்லாத கவிதையிலும் தேவையற்ற சொல் தங்காது. இந்தப் பழக்கத்துக்காகவே வெண்பாவை நான் முதலில் வைக்கிறேன்.

காதில் ஏற்கெனவே இருப்பது

தமிழ்நாட்டுப் பேருந்துகளில் எழுதியிருக்கும் ஒரு வாசகம் எல்லாருக்கும் தெரியும்: ‘படியில் பயணம் நொடியில் மரணம்.’ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். படி/யில், பய/ணம், நொடி/யில், மர/ணம். நான்கு சீரும் புளிமா. ஒவ்வொன்றின் பின்னும் நிரையசையில் தொடங்கும் சீர் வருகிறது. முதல் இரு சீர்களுக்குள் மோனை, அதாவது முதலெழுத்து ஒன்றுகிறது. படியில், நொடியில் என்று எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது. வெண்பாவின் நடுவில் ஓர் அடியாக இதை அப்படியே வைக்கலாம், தளை தட்டாது. எழுதியவர் யாப்பு படித்தாரா என்று தெரிய வேண்டியதில்லை. தமிழ்க் காதுக்கு இந்த நடை பிடிக்கும், அதனால் நிலைத்தது.

உங்கள் காதிலும் அந்த நடை இருக்கிறது. மூதுரை, நல்வழி, நாலடியார், திருக்குறள் எல்லாம் வெண்பாக்கள்தான். குறள் மட்டும் 1330, நாலடியார் 400. பள்ளியில் மனப்பாடம் செய்தவற்றின் ஓசை எங்கும் போய்விடவில்லை. கீழே வரும் விதிகள் அந்த ஓசைக்குப் பெயர் வைப்பவை.

அசையில் தொடங்குவோம். ஒரு சொல்லை இடமிருந்து பிரியுங்கள். குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. மற்றபடி தனி நெடிலும், ஒற்று அடுத்த குறிலும், சீரின் கடைசியில் தனித்து நிற்கும் குறிலும் நேர். மெய்யெழுத்து தன் முன்னுள்ள அசையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தனிக் கணக்கு இல்லை. தண்/ணீர்: நேர் நேர். குழாய்: நிரை. பிளாஸ்/டிக்: நிரை நேர். வரி/சையில்: நிரை நிரை. இந்தக் கடைசிச் சொல்லில் ‘சை’ எப்படிக் குறிலானது என்று கேட்கலாம். ஐகாரம் சொல்லின் முதலில் வந்தால்தான் நெடில்போல நிற்கும். நடுவிலும் கடைசியிலும் குறுகிக் குறில்போல ஒலிக்கும்.

அசைகள் சேர்ந்தால் சீர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். வெண்பாவுக்குள் நுழைய அனுமதி பெற்றவை இந்த எட்டும்தான். மூன்றாவது அசை நிரையாகிவிட்டால் அது கனிச்சீர். வெண்பாவில் அதற்கு இடமில்லை. ‘கண்ணாடி’ தேமாங்காய், தாராளமாக வரலாம். அதையே ‘கண்ணாடியில்’ என்று எழுதினால் தேமாங்கனி. வேற்றுமை உருபு சேரும்போது சீர் கனியாகிவிடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் வழுக்கல். கவனமாக இருங்கள்.

பிறகு தளை. மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். இந்த ஒரு வாக்கியம் மனத்தில் பதிந்துவிட்டால் வெண்பாவின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. ‘சரியான சில்லறை தரவும்’ என்று ஒரு வேண்டுகோளை எடுத்துக்கொள்வோம். சரி/யா/ன காய், அடுத்து ‘சில்’ நேர், சரி. சில்/லறை விளம், அடுத்து ‘தர’ நிரை, தட்டுகிறது. ‘சரியான சில்லறை தாரீர்’ என்றால் தட்டு நீங்கிவிடும். ஒரு வாரத்துக்குக் கண்ணில் படும் கடைப் பலகை, சுவரொட்டி, செய்தித்தாள் தலைப்பு எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ‘தள்ளுபடி விற்பனை’ பொருந்துகிறதா என்று இப்போதே சோதித்துக்கொள்ளலாம். எழுதும் வேலை அடுத்த வாரம்.

வெண்பாவின் கடைசி அடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. கடைசிச் சீருக்குத் தனிச் சட்டம் உண்டு. அது ‘நாள்’ போல ஒரு நேராக, ‘மலர்’ போல ஒரு நிரையாக, அல்லது ‘காசு’, ‘பிறப்பு’ போல உகரத்தில் முடிவதாக இருக்க வேண்டும். ‘கூடு’ என்று முடிக்கலாம். ‘பெட்டி’ என்று முடிக்க முடியாது.

இலக்கணத்தில் இவ்வளவு போதும். மேலும் வேண்டுவோருக்கு அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையும் அதற்குக் குணசாகரர் எழுதிய உரையும் இருக்கின்றன. எளிய நடையில் வேண்டுமென்றால் கி.வா. ஜகந்நாதனின் ‘கவி பாடலாம்’, அ.கி. பரந்தாமனாரின் ‘கவிஞராக’ இரண்டில் ஒன்று கையில் இருக்கட்டும். ஆனால் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஈற்றடி ஏன் முதலில்?

மேலிருந்து கீழாக எழுதத் தொடங்குகிறவர் முதல் அடியில் தாராளமாக இருப்பார். இரண்டாம் அடியில் எதுகை இழுக்கும் பக்கம் போவார். மூன்றாம் அடிக்கு வரும்போது சொல்ல வந்தது என்ன என்பதே மங்கியிருக்கும். கடைசியில் மூன்று சீர் மிச்சமிருக்கும்; அதில் ‘என்றுணர்ந்து கொள்’ என்று ஓர் அறிவுரையை அடைத்து முடிப்பார். வெண்பாவின் எடை முழுதும் ஈற்றடியில் இறங்குகிறது. அங்கே பலமில்லாவிட்டால் மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் நிற்காது.

நம் மரபில் ஈற்றடியை முதலில் வைத்துப் பழகும் பயிற்சி நெடுங்காலமாக இருக்கிறது. ஒருவர் ஈற்றடியைக் கொடுப்பார், மற்றவர் மேலே மூன்றடி பாடி அதில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவதானக் கலையில் இது ஒரு நிலையான அங்கம். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றவர்கள், ஒரே நேரத்தில் பல கேள்விகளுக்கு ஈடுகொடுத்துக்கொண்டே வெண்பாவும் பாடியவர்கள். நமக்கு அந்த வித்தை வேண்டாம். ஆனால் அந்தப் பயிற்சிமுறை வேண்டும், ஒரே ஒரு மாற்றத்தோடு: ஈற்றடியைக் கொடுப்பவரும் நீங்களாகவே இருங்கள்.

நல்ல ஈற்றடி எங்கே கிடைக்கும்? பேச்சில் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்த்துவிடுவோம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போனபோது சென்னையில் தண்ணீர் லாரிக்காக மக்கள் காத்துக்கிடந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் யார் வாயிலும் இயல்பாக வரக்கூடிய வாக்கியம் இது: ‘தெருவே குடத்தோட நிக்குது.’ எழுத்துவழக்கில் ‘தெருவே குடத்தோடு நிற்கிறது.’ தளை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நிற்கிறது’ கூவிளங்காய். ஈற்றுச் சீராக வராது. வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்.

குடத்தோடு நிற்கும் தெரு.

குடத்/தோ/டு, நிற்/கும், தெரு. காய்முன் நேர், மாமுன் நிரை, கடைசியில் மலர். இலக்கணம் சரி என்பதைவிட முக்கியமானது ஒன்று நடந்திருக்கிறது. மனிதர்கள் பின்னுக்குப் போய்த் தெருவே வரிசையில் நிற்கிறது. பேச்சில் ‘தெருவே’ என்ற ஏகாரம் செய்த வேலையை, இங்கே கடைசியில் நிற்கும் இடம் செய்துவிட்டது. ஈற்றடி கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளம் இதுதான்: தனியாக நின்றாலும் அது ஏதோ சொல்ல வேண்டும்.

இதற்கு மேலே ஓரடி வேண்டும். சொல்ல வந்தது, லாரிக்காகக் காத்திருத்தல். ‘லாரி’ என்ற சொல்லை மாற்றி ‘ஊர்தி’ என்று எழுதலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். லகரம் தமிழில் மொழிமுதல் வராது என்ற விதி எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் நிற்கும் யாரும் ஊர்திக்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்து எதுகை. ‘குடத்தோடு’ என்பதில் இரண்டாம் எழுத்து ட, முதல் எழுத்து குறில். மேலடியின் முதற்சீரும் அப்படியே அமைய வேண்டும். விடி, அடி, கடை, இடம், படி, நடு, உடை, தொடர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று தொடையகராதி. எதுகை தேடுவோருக்கென்றே அமைந்தது. பெரிய புலவர்களுக்கும் பட்டியல் உதவியிருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலிலிருந்து எதை எடுப்பது என்பதில்தான் கவிஞர் தெரிகிறார். ‘படபட’ என்று நெஞ்சு அடித்துக்கொள்வதாக எழுதினால் எதுகை அமையும், விஷயம் நகராது. ‘விடியுமுன்’ என்ற சொல்லோ ஒரு செய்தியோடு வருகிறது. தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வரும், யார் தூக்கம் கெடும் என்று அது சொல்லிவிடுகிறது.

விடியுமுன் லாரி வருமென்று சொன்னார்
குடத்தோடு நிற்கும் தெரு.

அலகிட்டுப் பாருங்கள், தட்டாது. மூன்றாம் சீரில் வகர மோனையும் இருக்கிறது. ஆனாலும் இந்த வெண்பா இன்னும் முடியவில்லை. ‘சொன்னார்’ என்றால் யார் சொன்னார்? அந்த ஆளுக்கு இங்கே வேலை இல்லை. தேமா ஒன்று தேவைப்பட்டது, அவர் வந்து நின்றுவிட்டார். இரண்டு அடிகளும் தனித்தனி வாக்கியங்களாக வேறு நிற்கின்றன. அந்தத் தேமாவில் தெரு செய்யும் செயல் வரட்டும்.

விடியுமுன் லாரி வருமென்று நம்பிக்
குடத்தோடு நிற்கும் தெரு.

இப்போது இரண்டு அடியும் ஒரே மூச்சு. நம்புவதும் தெருதான், நிற்பதும் தெருதான். இது முழுமையான குறள் வெண்பா. இதோடு நிறுத்திவிடலாம்.

நான்கடி நேரிசை வெண்பாவாக வளர்க்கலாமா என்பது இனிமேல் எடுக்க வேண்டிய முடிவு. என் அனுபவத்தில், புதியவர்கள் எழுதும் நேரிசை வெண்பாக்களில் பாதிக்குமேல் இரண்டடியோடு நின்றிருக்க வேண்டியவை. சொல்ல இன்னொரு செய்தி இருந்தால் மட்டும் வளருங்கள். இங்கே இருக்கிறது: லாரிக்காக ஏன் நிற்க வேண்டியிருக்கிறது? வீட்டுக் குழாயும் ஊர் ஏரியும் என்ன ஆயின?

குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். உண்மையான வாக்கியம், பேச்சு வாக்கியம். ஆனால் குழா/யைத், திறந்/தால் என்று இரண்டு புளிமாவுக்குப் பின் ‘காற்’ என்ற நேர் வருகிறது. மாமுன் நேர் வந்தால் அது ஆசிரியத் தளை. ‘வரும்’ என்ற ஓரசைச் சீரும் ஈற்றில் மட்டுமே வரலாம். எனவே நிரையில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும். மோனைக்காகக் ககர உகரத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது. நீர் வராத குழாயைத் திறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். உள்ளே எங்கோ அடைபட்டது திமிறுவதுபோல ஒன்று.

குழாயைத் திறந்தால் குமுறல்தான் நாளும்

‘குமுறல்’ கிடைத்தபின் ‘காற்று’ போனதற்கு வருத்தமில்லை. குழாயின் ஓசையும் தெருக்காரர்களின் கோபமும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. தளைக்குப் பயந்து தேடியதால்தான் அந்தச் சொல் கிடைத்தது. யாப்பு தடை என்று சொல்கிறவர்களிடம் நான் காட்ட விரும்புவது இந்த இடத்தைத்தான். ஆனால் ‘நாளும்’? அது வெறும் அடைப்பு. ‘நாளும்’, ‘நன்றாய்’, ‘என்றும்’, ‘தானே’, ‘மெல்ல’ ஆகிய ஐந்து சொற்களும் வெண்பா பழகுகிறவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். எந்த ஓட்டையையும் அடைக்கத் தயாராக. அவை வரும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் பொருள் குறைகிறதா? இங்கே குறையவில்லை. இல்லாத வினைமுற்றைக் கொண்டுவரலாம்: ‘கேட்கும்’.

இரண்டாம் அடிக்கு ழகர எதுகை. முதல் முயற்சி இப்படி வரலாம்:

மழையின்றி ஏரி வறளும் – எழுந்து

இதில் குற்றம் சொல்ல இலக்கணத்தில் ஒன்றுமில்லை. ஆனால் ‘வறளும்’ செய்தி அறிக்கையின் சொல். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வறண்ட ஏரியில் என்ன தெரியும்? மணல். ‘மழைகாணா ஏரி மணல்தான்’ என்றால் மகர மோனையும் தானாக விழுகிறது. அடுத்து ‘எழுந்து’ என்ற தனிச்சொல். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீர் முதலிரண்டு அடிகளின் எதுகையைப் பெற்று, மேலேயிருந்து கீழே இறங்கும் படியாக நிற்கும். ‘எழுந்து விடியுமுன் லாரி வருமென்று’ என்று தொடர்ந்து வாசித்தால், எழுந்தது லாரியோ என்று தோன்றுகிறது. தாளில் கோடு போட்டுப் பிரித்தாலும் காதுக்குக் கோடு தெரியாது. அதனால் எழுதியதை இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

‘எழுந்து’ போன இடத்தில் புளிமாவாக, ழகரத்தோடு, தெருவுக்கு உரியதாக ஒரு சொல். ‘விழித்து’ வரலாம், அதிலும் அதே மயக்கம். ‘பழைய’ என்றால் எது பழையது என்ற கேள்வி. ‘பழகி’ என்று வைத்துப் பாருங்கள்.

குழாயைத் திறந்தால் குமுறல்தான் கேட்கும்;
மழைகாணா ஏரி மணல்தான், – பழகி,
விடியுமுன் லாரி வருமென்று நம்பிக்
குடத்தோடு நிற்கும் தெரு.

‘பழகி’ வந்ததும் கீழேயிருந்த ‘நம்பி’ நிறம் மாறுகிறது. முன்பு அது எதிர்பார்ப்பு. இப்போது, ஏமாந்து ஏமாந்து பழகிய பிறகும் விடாத நம்பிக்கை. தொடாத அடியொன்று, வேறோர் அடியில் மாற்றிய ஒரு சீரால் ஆழம் பெறுகிறது. இது காப்பியப் பெருமைக்குரிய வெண்பா என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து சீரில் ஒன்றுகூடச் சும்மா நிற்கவில்லை. பயிற்சிக் காலத்தில் அடைய வேண்டிய அளவு அதுவே.

சில எச்சரிக்கைகள்

சீர் பிரிப்பதற்காகச் சொல்லை நடுவில் உடைத்து எழுதுவதற்கு வகையுளி என்று பெயர். பழம்பாடல்களில் நிறைய உண்டு, குற்றமும் இல்லை. ஆனாலும் முதல் ஐம்பது வெண்பாவுக்கு அதைத் தொடாதீர்கள். சொல்லும் சீரும் ஒன்றாக முடியும்போதுதான் பேச்சின் நடை கெடாமல் இருக்கும். வெண்பாவுக்குரியது செப்பலோசை, ஒருவர் எதிரே நின்று சொல்வதுபோல ஒலிக்க வேண்டும்.

சந்தியை மறந்தால் அசைக்கணக்கு மாறும். ‘வந்து அவன்’ என்று எழுதி அலகிட்டுவிட்டு மகிழ்ந்தால், வாசிப்பவர் ‘வந்தவன்’ என்று சேர்த்துச் சொல்லும்போது ஓரசை காணாமல் போகும். தொடக்கத்தில் குற்றியலுகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை வைக்காமல் இருப்பது எளிய வழி.

அலகிட்டுத் தரும் மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. எழுதி முடித்தபின் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது காதை நம்புங்கள். அது தப்பு செய்யும், திருத்தத் திருத்தக் கூர்மையாகும். அதற்குத் தீனியாக நாள்தோறும் பத்து வெண்பாவை உரக்க வாசியுங்கள். நல்வழியும் மூதுரையும் முதலில். பிறகு புகழேந்தியின் நளவெண்பா. ஒரு முழுக்கதையையும் இந்த ஒரே பாவில் சொல்லிச் செல்லும் நூல் அது. காளமேகத்தின் சிலேடைகளைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். படிக்க இன்பமானவை, ஆனால் தொடக்கத்தில் பின்பற்றப் போனால் சொல்விளையாட்டிலேயே கை நின்றுவிடும்.

இந்த வாரத்துக்கான பயிற்சி

நான்கு ஈற்றடிகள் தருகிறேன். முதலாவது ‘பிறப்பு’, அடுத்த இரண்டும் ‘காசு’, நான்காவது ‘நாள்’ வாய்பாட்டில் முடிகின்றன.

கடைசிப்பஸ் போன பிறகு.
அப்பா எழுதிய நோட்டு.
பாட்டியின் கண்ணாடிக் கூடு.
திறக்காத ஜன்னலின் பின்.

நான்கில் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதன் எதுகைக்குப் பட்டியல் போடுங்கள். மேலே ஒரே ஓர் அடி எழுதிக் குறள் வெண்பாவாக முடியுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து, அடைப்புச் சொல் எது என்று அடிக்கோடிட்டு, அந்தச் சீரை மட்டும் மாற்றுங்கள். பழைய வடிவத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். பிறகு உங்கள் வீட்டில் அன்றாடம் பேசும் ஒரு வாக்கியத்திலிருந்து ஐந்தாவது ஈற்றடியை நீங்களே கண்டுபிடியுங்கள். அடுத்த அத்தியாயத்தில் நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லை விரிவாகப் பார்க்கும்போது அது தேவைப்படும்.